ஏழாவது ரீலும் பதினைந்தாவது ஆளும்

புதிதாகத் தியேட்டர் மிஷின் ரூமுக்கு வந்திருக்கும் என் அன்புக்குரியவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சியில் நடந்ததை நீங்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிவதாகக் கேள்விப்பட்டேன். நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன் என்பது சுத்தப் பொய். தரையில் நின்றுதான் கத்தினேன். வேட்டி அவிழ்ந்தது என்பதும் பொய், அன்றைக்கு நான் பேண்ட் போட்டிருந்தேன். மற்றபடி நீங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான் என்பதால், மேலும் கையும் காலும் முளைப்பதற்குள் நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. உங்கள் மிஷின் ரூமைப் பார்த்து நான் பெருமூச்சு விட்டதாக நினைத்தீர்களாம். ஏசி குளிருக்குத்தான் மூச்சு அப்படி வந்தது. எங்கள் காலத்து வெக்கையும் புகையும் திரும்பி வர வேண்டும் என்று எனக்கு எந்த ஆசையும் இல்லை. நீங்கள் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் கைப்பேசி பார்க்கிறீர்கள். எங்களுக்கும் அப்படி ஒரு வசதி கிடைத்திருந்தால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் படம் ஓடும்போது ஆபரேட்டருக்கு வருகிற சோதனை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். அதில் நான் முப்பது வருட இடைவெளியில் இரண்டு தடவை தோற்றவன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தொண்ணூறுகளில் தெலுங்கு பேசிக்கொண்டு எங்கள் எல்லை ஊரான நகரிக்கு வந்த வெள்ளைக்காரப் படம். போஸ்டரில் ஒரு பெயர் இருந்தது, ஊரில் அதை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது 'ரோப்கார் படம்'. பனிமலையில் ஒரு ரோப்கார். அதில் பதினான்கு பேர். அவர்களில் ஒரு பெண் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவள். அவளைப் போகவிடக் கூடாது என்று ஒரு கும்பல் கீழ் ஸ்டேஷனைப் பிடித்துவிடுகிறது. ரோப்கார் அந்தரத்தில் நிற்கிறது. ஹீரோ மேல் ஸ்டேஷனில் மிஷின் ரூமில் இருக்கிறான். பிரேக் கைப்பிடியை விட்டு அவன் எழுந்தால் வண்டி கீழே சறுக்கிக் கும்பலிடம் போய்விடும். ஆக, சண்டைப் படத்தின் ஹீரோ கடைசிவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. வேலை அப்படி. நம் ஆள்தான், ஆபரேட்டர்.

யாரோ கதை சொல்லக் கேட்டதுமே, அந்தக் காரணத்துக்காக எனக்குப் படம் பிடித்துப்போனது. நகரி தியேட்டரில் நான் இரண்டாவது ஆபரேட்டர். முதலாளி ஒரு பழைய பக்திப் படத்தை மறுபடி ஓட்டலாம் என்றிருந்தார். நான் அவரிடம் ரோப்கார் படத்தைப் பற்றி அளந்துவிட்டேன். புத்தூரில் கூட்டம் தாங்கவில்லை என்றேன். புத்தூருக்கு அந்தப் படம் வரவே இல்லை. முதலாளி படப்பெட்டியை எடுத்தார். எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இத பாரு. திங்கக்கிழம வரைக்கும்தான் டைம். அன்னிக்கு ஜனம் உக்காந்து பாத்தா படம் இருக்கும், நீயும் இருப்ப. இல்லன்னா பொட்டியும் போவும், நீயும் போவ. உங்க நைனா தறியில ஆள் இல்லாம தவிச்சிக்கினு கீறாரு, போய் உக்காரு."

திங்கட்கிழமை எங்கள் ஊரில் விசைத்தறிகளுக்குக் கரண்ட் விடுமுறை. தறிக்காரர்கள் அத்தனை பேரும் அன்றைக்குத்தான் படம் பார்ப்பார்கள். தியேட்டருக்கு ஜெனரேட்டர் உண்டு. மற்ற நாட்களில் வருகிற கூட்டத்தை முதலாளி கூட்டமாகவே மதிக்க மாட்டார்.

நைனா, என் அப்பா, விசைத்தறி ஓட்டுகிறவர். அந்தச் சத்தத்தில் நைனாவுக்கு நாற்பது வயதிலேயே காது மந்தம். பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்டாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். எனக்கும் அதே பெஞ்சு காத்திருந்தது. படம் ஓட்டுவது ஒன்றுதான் நான் அதிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த வழி. அதனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு விளையாட்டு இல்லை.

அவ்வளவு பயந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? படத்தை ஒழுங்காக ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ஆபரேட்டர் படம் பார்ப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. சுவர்த் துவாரம் வழியாக ஒரு கண், மிஷின் மேல் ஒரு கண். பத்து ரீல் ஓடி முடியும்போது எந்த ரீல் எங்கே முடிகிறது என்று துல்லியமாகத் தெரியும், கதை தெரியாது. பெட்டி வந்த அன்று சோதனைக்கு ஓட்டியபோது, ஏழாவது ரீலில் நான் எட்டிப் பார்த்த மூன்று தடவையும் ஹீரோ உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை போனைக் காதில் வைத்துக்கொண்டு. ஒரு தடவை ஆறிப்போன காப்பியோடு. ஒரு தடவை சும்மா. கடைசியில் இரண்டு நிமிஷத்துக்குப் பாட்டும் இல்லை, சத்தமும் இல்லை.

தறிக்காரர்கள் காசு கொடுத்து ஒருத்தன் காப்பி குடிப்பதைப் பார்க்க வருவார்களா? எனக்கு என் ஜனத்தைத் தெரியும் என்று நினைப்பு. வாரம் முழுக்கச் சத்தத்தில் இருப்பவர்கள், சத்தம் இல்லையென்றால் பிய்த்துவிடுவார்கள். எங்கள் பெரிய ஆபரேட்டர் அப்போது திருமலைக்கு முடி கொடுக்கப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. ஏழாவது ரீலை டப்பாவிலேயே விட்டுவிட்டு ஆறிலிருந்து எட்டுக்குத் தாவினேன். பதினோரு நிமிஷம் மிச்சம். டைரக்டருக்கே உபகாரம் செய்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அப்படியே ஓட்டினேன். சண்டை வந்தபோது விசில் வந்தது. ஆனால் உச்சக்கட்டத்தில் ஒரு விசில் இல்லை. ஹீரோ திடீரென்று பிரேக்கை விட்டுப் பிடிக்கிறான், வண்டி குலுங்குகிறது, அதன் அடியில் தொற்றிக்கொண்டிருந்த வில்லன் பனியில் விழுகிறான். கொட்டகையே எழுந்து ஆடியிருக்க வேண்டிய இடம். ஜனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. வெளியே போகும்போது ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அவன் கீழ கீறது இவனுக்கு எப்படிடா தெரியும்? ஜோசியமா?"

எனக்கும் தெரியவில்லை. வெள்ளைக்காரனுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆபரேட்டர் வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் லட்டு. அவர் ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசியதாக நினைவில்லை, அதிலும் பாதி மிஷினோடு. எனக்கு ஒரு லட்டைப் பிட்டுக் கொடுத்துவிட்டு ரூமைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் என் போண்டாப் பொட்டலம் இருந்தது. ஈ மொய்க்காமலிருக்க அதன் மேல் ஒரு ரீல் டப்பாவை வைத்திருந்தேன். டப்பாவின் மேல் ஏழு என்று எழுதியிருந்தது.

"ஏழு இன்னா பண்ணுது?" என்றார்.

"போருண்ணா. ஒருத்தன் சும்மா உக்காந்துக்கினு கீறான்."

அவர் கேட்டுக்கொண்டே லட்டைத் தின்று முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஏழாவது ரீலை மிஷினில் ஏற்றினார். காலைக் காட்சி இல்லாத நாள். காலியான கொட்டகையைக் காட்டி, "கீழ போய் உக்காரு" என்றார்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வேலை பார்க்கிற தியேட்டரில் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சாட்சிப் பெண் போனில் பேசுகிறாள். வண்டிக்குள் இருப்பவர்கள் பயத்தில் ஆடி வண்டியைக் கவிழ்த்துவிடாமலிருக்க, ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு ஹீரோவுக்குச் சொல்கிறாள். பதினான்கு பெயர். அவன் வாயைத் திறப்பதில்லை, கேட்டுக்கொண்டே காப்பி டம்ளரைப் பெயருக்கு ஒரு இழுப்பாக மேஜை மேல் நகர்த்துகிறான். பதினான்காவது பெயரோடு கும்பல் போன் கம்பியை அறுத்துவிடுகிறது. அவன் ரிசீவரை வைக்கிறான். அதற்கப்புறம் சத்தம் இல்லை. எதிரே வண்டியின் சுமை காட்டும் முள் ஒன்று இருக்கிறது. பதினான்கு பேருக்கு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது. அவன் பார்க்கிறான். நாமும் பார்க்கிறோம். முள் மெதுவாக ஒரு ஆள் எடைக்கு நகர்கிறது.

சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஊர் ஜனத்தை இதைப் பார்க்க விடாமல் செய்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. மேலே போய் நின்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "போண்டா ஆறிப்போச்சு, துன்னு" என்றார். அவ்வளவுதான்.

அன்றைய சொற்பக் கூட்டத்துக்கு ஏழோடு ஓட்டியும் திங்கட்கிழமைக் கவலை எனக்குத் தீரவில்லை. எனக்குப் புரிந்தது சரி, காலியான கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பார்த்தவனுக்குப் புரியும். எழுநூறு தறிக்காரர்கள் இரண்டு நிமிஷம் சத்தமில்லாமல் இருப்பார்களா?

மறுநாள் மேட்னி. கொட்டகை நிரம்பி, நடைபாதையில் பெஞ்சு போட்டார்கள். துவாரம் வழியாகப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நைனா. அவர் படத்துக்கு வருகிறவரே இல்லை. மகன் இன்றோடு தறிக்கு வருவானா மாட்டானா என்று பார்க்க வந்திருக்கிறார். வர வேண்டும் என்றுதான் அவருக்கு ஆசை, பாவம், ஆள் கிடைக்காத கஷ்டம் அவருக்கு. பின்வரிசையில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

ஏழாவது ரீலை நானே ஏற்றினேன். பெயர்கள் வந்தன. கொட்டகையில் வேர்க்கடலை உடைக்கிற சத்தம் நிற்கவே இல்லை. பதினான்காவது பெயர். போன் அறுந்தது. ஒலி நின்றது.

பத்து எண்ணுவதற்குள் ஆரம்பித்தார்கள்.

"டேய் ஆபரேட்டர்! சவுண்டுடா!"

"தூங்கிட்டியாடா?"

சீட்டைத் தட்டுகிறார்கள். நாலைந்து பேர் எழுந்து நம் துவாரத்தைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார்கள். பின்னாலிருந்து முதலாளியும் கையை ஆட்டுகிறார். என் கை தானாக ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனது. ஒலியைக் கூட்டினால் ஒரு இரைச்சலாவது வரும், மிஷின் ஓடுகிறது என்றாவது தெரியும். அதுவும் கேட்காவிட்டால் எட்டாவது ரீலுக்குத் தாவிவிடலாம், பக்கத்து மிஷினில் தயாராக இருக்கிறது.

பெரிய ஆபரேட்டர் முக்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார். "கைய எடு."

எடுத்தேன். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இந்த ஒரு விஷயத்தை உங்களுக்கு யாரும் பயிற்சியில் சொல்லித்தரப் போவதில்லை. ஜனம் கத்தும்போது எதையாவது செய்வது சுலபம். சரியாகத்தான் ஓடுகிறது என்று தெரிந்து சும்மா நிற்பதற்கு நெஞ்சில் தெம்பு வேண்டும். எனக்கு அன்றைக்கு அது இல்லை. அவர் சொன்னார், அதனால் நின்றேன்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேசியே பழகிய குரல்.

"கத்தாதீங்கடா! தறி நின்னா கத்துவியா, எங்க அறுந்துச்சின்னு பாப்பியா? அவன் பாத்துக்கினு கீறான், நீயும் பாரு!"

நைனா. அவருக்குச் சத்தம் நின்றதே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் திரையில் இருப்பவனின் முகத்தை அவருக்குத் தெரியும். நூல் அறுந்து தறி நிற்கும்போது அவர் முகமும் அப்படித்தான் இருக்கும்.

கத்தல் அடங்கியது. தறிக்காரனுக்குச் சத்தம்தான் வேண்டும் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைப்போல் மடையன் உண்டா? வாரம் முழுக்கச் சத்தத்தில் இருக்கிறவன்தான் சத்தம் நின்றால் திடுக்கிட்டு நிமிர்கிறவன். வேர்க்கடலை நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. முள் நகர்ந்தது. முன்வரிசையில் ஒருவன் எழுந்தே விட்டான்.

"டேய்! பதினஞ்சு பேருடா!"

அதற்கப்புறம் கொட்டகை என் கையில் இல்லை. உச்சக்கட்டத்தில் ஹீரோ பிரேக்கில் கை வைத்ததும் எழுநூறு பேரும் சேர்ந்து "உடு! உடு!" என்று கத்தினார்கள். வில்லன் விழுந்தபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. படம் மூன்று வாரம் ஓடியது. முதலாளி அதற்கப்புறம் யாரைப் பார்த்தாலும் இந்தப் படத்தைத் தேடிப் பிடித்தது தான்தான் என்றார். நைனா அன்றைக்கு வீட்டில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தறிக்கு வேற ஆள் பாத்துக்கறன்." எனக்கு அழுகை வந்தது, வெளியே போய் அழுதேன்.

சரி, இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அந்தப் படத்தைப் புதுசாகத் துடைத்து, திருமலை அடிவாரத்தில் உங்கள் தியேட்டரில் மறுபடி வெளியிடுகிறார்கள் என்றதும் உங்கள் மிஷின் ரூம் பொறுப்பாளர், அந்தச் சின்னப் பெண் லாவண்யா, எனக்குப் போன் செய்தது. "சார், மீரு தப்பக ராவாலி, கண்டிப்பா வரணும், புது பசங்களுக்கு நாலு வார்த்த சொல்லணும்" என்று. காலையில் உங்களை உட்கார வைத்து மேலே எழுதிய கதை முழுவதையும் சொன்னேன். கொஞ்சம் கூடவே சொன்னேன். நீங்களும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டீர்கள். அந்த மப்பில்தான் கீழே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

கூட்டம் நன்றாகவே இருந்தது. பாதிப் பேர் அந்தப் படம் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். திருமலையிலிருந்து இறங்கி மாலை ரயிலுக்குக் காத்திருக்கிற புது மொட்டைகளும் ஒரு வரிசை. முதல் பாதியில் பிள்ளைகள் சிரித்தார்கள். பனிமலை அட்டை மாதிரி இருக்கிறது, வில்லன் கோட்டுக்குள் தலையணை வைத்த மாதிரி இருக்கிறது, போனுக்கு வால் இருக்கிறது. எனக்கும் சிரிப்புதான் வந்தது. இப்போது வருகிற படங்களில் ஹீரோ ஹெலிகாப்டரிலிருந்து ஹெலிகாப்டருக்குத் தாவுகிறான், நாம் பாப்கார்ன் தின்கிறோம். அவன் விழ மாட்டான் என்று தெரியும். இவனால் நாற்காலியை விட்டே எழ முடியாது. அதனால்தான் இவனுக்காக நாம் பயப்படுகிறோம். அந்தப் படம் இன்னும் நிற்பதற்குக் காரணம் அவ்வளவுதான் என்று என் பக்கத்தில் இருந்தவனுக்கு, அவன் கேட்காமலேயே, விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது ரீல் வந்தது. இப்போது ரீல் ஏது, ஆனாலும் எனக்கு அது ஏழாவது ரீல்தான். ஹீரோ போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கொட்டகை நிசப்தம். சிறிது நேரத்தில் முன்னாலிருந்து, "சவுண்டு! சவுண்டு!" விசில். என் ரத்தம் கொதித்தது. முப்பது வருடமாக இந்த நிமிஷத்துக்குத்தான் காத்திருந்தேன் போல. எழுந்து நின்றேன். நைனாவின் குரல் எனக்குள் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கத்தாதீங்கப்பா! சவுண்டு போகல! அதுதான் படம்! பேசாம பாருங்க!"

ஜனம் திரும்பிப் பார்த்தது. சிலர் அடங்கினார்கள். நான் வெற்றி பெற்றவனாக உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் திரை நின்றது. விளக்கு எரிந்தது.

மிஷின் ரூமுக்கு எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. "எதுக்கு நிறுத்தன? அது படத்துல கீற அமைதிம்மா!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். லாவண்யா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு ஒயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது. "சார், போன் இன்னும் அவன் காதுலதான் கீது. அந்தப் பொண்ணு பேர் சொல்லிக்கினு இருக்கணும். மூணாவது பேரோட சவுண்டு போச்சு."

நான் திரையைப் பார்த்தேன். உறைந்து நின்ற படத்தில் ஹீரோவின் காதில் ரிசீவர் இருந்தது. காப்பி டம்ளர் மேஜையின் நடுவில் இருந்தது. காதுக்குத்தான் வயதாகிவிட்டது என்றால், என் கர்வம் கண்ணையும் மறைத்துவிட்டது.

வாக்கி-டாக்கியில் மேனேஜர் அலறினார், சீக்கிரம் விட்ட இடத்திலிருந்து ஓட்டச் சொல்லி. வெளியே விசில் காதைப் பிளந்தது. லாவண்யா மாட்டேன் என்றது. "விட்ட இடத்துல இருந்து ஓட்டினா பதினாலு பேர் யாருக்கும் தெரியாது சார், அப்புறம் முள்ளு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் படத்தை மூன்று நிமிஷம் பின்னால் நகர்த்தி, முதல் பெயரிலிருந்து விட்டது. பார்த்ததையே மறுபடி காட்டுகிறார்கள் என்று கூட்டம் ஊளையிட்டது. லாவண்யா கண்டுகொள்ளவில்லை. அது வெள்ளிக்கிழமை காலையே காலியான ஹாலில் தனியாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்திருக்கிறது. இரண்டு தடவை. யாரும் சொல்லாமல்.

பதினான்காவது பெயர். போன் அறுந்தது. ஹீரோ ரிசீவரை வைத்தான். இப்போது வந்ததுதான் நிஜமான அமைதி. உடனே வாக்கி-டாக்கியில் மேனேஜர், மறுபடி சத்தம் இல்லையென்று: "மேடம், மள்ளி சவுண்டு லேது!"

லாவண்யா, "லேதுன்னா லேது. அதுதான் படம்" என்று சொல்லி வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டது.

இருவரும் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே இருட்டில் அங்கங்கே கைப்பேசி வெளிச்சம். ஒன்று அணைந்தது. இன்னொன்று. அப்புறம் ஒரு வரிசை முழுக்க. முள் நகர்ந்தபோது கொட்டகையில் ஒரே ஒரு வெளிச்சம்கூட இல்லை. புது மொட்டை ஒருவர் எழுந்து நின்று கையை நீட்டி, பதினைந்து பேர் என்று தெலுங்கில் கத்தினார்.

"பதினைது மந்தி ரா!"

கொட்டகை வெடித்தது. எனக்குக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, ஏசி குளிர் என்று சொல்லிக்கொள்ளுங்கள். நன்றாகச் செய்தாயம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லாவண்யா சிரித்துக்கொண்டே திரும்பியது.

"இன்னா சார், அந்த ஏழாவது ரீல இந்த தடவயும் நீங்கதான் கட் பண்ணப் பாத்தீங்க."